வேலை இழந்த பாடகர் இசை மன்னர் ஆனார்!

ரோமாபுரி. 1555-ம் ஆண்டு. போப் ஆண்டவரின் சொந்த ஆலயத்தில் பாடி வந்த 3 பாடகர்கள் திடீரென்று வேலையில் இருந்து நீக்கப்பட்டார்கள்.

அவர்கள் பாட்டில் குறை இல்லை. அவர்கள் செய்த குற்றம், கல்யாணம் செய்து கொண்டதுதான்!

அந்த மூவரில் ஒருவர் பாலஸ்திரீனா.

ஊரே பெயர்

அவருடைய சொந்தப் பெயர் ஜியோவன்னி பியர்லூயிஜி. ரோமாபுரிக்கு அருகே உள்ள பாலஸ்திரீனா என்ற ஊரில், சுமார் 1525-ல் பிறந்தார். ஊரின் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

சிறு வயதில் ரோமாபுரியில் ஒரு மாதா கோவிலில் பாடினார். 1544-ல் சொந்த ஊர்க் கோவிலில் ஆர்கன் வாசிக்கும் வேலை கிடைத்தது. 1547-ல் லுக்ரேசியா என்ற பெண்ணை மணந்தார்.

அந்த ஊர் மேற்றிராணியார் 1550-ல் போப் ஆனார். மூன்றாம் ஜூலியஸ் என்று பெயர் பெற்ற அவர், பாலஸ்திரீனாவை மறக்கவில்லை. 1555 ஜனவரியில் தம் ஆலயத்தில் பாடகராகச் சேர்த்துக் கொண்டார். மணமானவர்களுக்கு அங்கே இடம் இல்லை என்பது விதி. விதி தளர்ந்தது.

ஆனால் மார்ச் மாதம் அவர் இறந்தார். அடுத்து வந்த மார்செல்லஸ் 3 வாரமே பதவியில் இருந்தார். அதன்பின் வந்த நான்காம் பால் கண்டிப்பானவர். சிறு ஓய்வூதியம் கொடுத்து மூவரையும் அனுப்பிவிட்டார்.

வார்த்தை எங்கே?

அந்தக் காலக் கோவில் பாட்டில் 4 குரல், 5 குரல், 6 குரல் சேர்ந்து ஒலிக்கும். ஒவ்வொரு குரலுக்கும் தனி மெட்டு. ஒருவர் ஒரு வரியைத் தொடங்கும்போது, இன்னொருவர் அதை முடித்துக் கொண்டிருப்பார். கேட்க இனிமை. ஆனால் ஜெபத்தின் வார்த்தை காதில் விழாது!

இது சரியா என்று பெரியவர்கள் கேட்டார்கள். 1565-ல் கர்தினால்கள் பாடகர்களை வரவழைத்து, வார்த்தை புரிகிறதா என்று பாடச் சொல்லிச் சோதித்தார்கள்.

பாலஸ்திரீனா 6 குரல்களுக்கு ஒரு பூசைப் பாட்டு அமைத்தார். அதற்கு போப் மார்செல்லஸின் பெயரைச் சூட்டினார். நீண்ட ஜெபங்களில் குரல்கள் சேர்ந்தே வார்த்தையைச் சொல்லும். இனிமையும் உண்டு, பொருளும் விளங்கும். 1567-ல் அது அச்சில் வந்தது.

இந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பல குரல் பாட்டைத் தடை செய்யாமல் விட்டார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கதை பரவியது. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் பாட்டின் பெருமைக்கு அந்தக் கதையே சாட்சி.

அடி மேல் அடி

1571-ல் செயிண்ட் பீட்டர்ஸ் ஆலயப் பாடகர் குழுவின் தலைவர் பதவிக்கு மீண்டும் வந்தார். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1572-க்கும் 1580-க்கும் இடையே 2 மகன்கள், தம்பி, மனைவி என்று ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள்.

மனம் உடைந்த அவர் குருவாகிவிட நினைத்தார். பிறகு மனம் மாறி, 1581-ல் தோல் வியாபாரியின் விதவை ஒருவரை மணந்தார். வியாபாரத்தையும் கவனித்தார், பாட்டும் எழுதினார். அவர் எழுதிய பூசைப் பாட்டுகள் மட்டும் நூற்றுக்கு மேல்!

1594 பிப்ரவரி 2-ந் தேதி இறந்தார். அவரது சவப்பெட்டியில் இசை மன்னர் என்று பொறித்தார்கள்.

வாத்தியம் இல்லாமல் பாடுவதை மேல்நாட்டார் "ஆ கப்பெல்லா" என்பார்கள். கோவில் முறைப்படி என்று பொருள். அந்த முறைக்கு இலக்கணமாக இன்றும் காட்டப்படுவது, கோவிலில் இருந்து வெளியே அனுப்பப்பட்ட அந்தப் பாடகரின் பாட்டுதான்!