பல்வலியால் மாண்ட குத்துச்சண்டைச் சாம்பியன்

உலகக் குத்துச்சண்டைப் பட்டத்தை முதன்முதலில் வென்ற ஆசியர் நமக்கு அண்டை நாடான பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர் என்பதை நம் வாலிபர்களில் பலர் அறியார். பாஞ்சோ வில்லா என்று உலகம் அழைத்த அவருடைய இயற்பெயர் பிரான்சிஸ்கோ கில்லெடோ.

1901 ஆகஸ்டு 1-ஆம் தேதி நீக்ரோஸ் தீவிலுள்ள இலோக் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவர் கைக்குழந்தையாயிருக்கும்போதே தந்தை குடும்பத்தை விட்டுச் சென்றுவிட்டார். தாயார் ஆடு வளர்த்து மகனைக் காப்பாற்றினார். சிறுவயதில் இலோயிலோ நகரத்தில் பூட்ஸ் துடைத்துப் பிழைத்த அவர், பின்னர் மணிலா சென்று 1919-இல் தொழில்முறைச் சண்டையில் இறங்கினார்.

உயரம் ஐந்தடி ஓரங்குலமே. 112 ராத்தலுக்கு மேற்படாதோர்க்குரிய 'பிளைவெயிட்' பிரிவில் அவர் போட்டியிட்டார். 1922-இல் அமெரிக்கா சென்றார். 1923 ஜூன் 18-ஆம் தேதி நியூயார்க் நகரில், 1916 முதல் சாம்பியனாயிருந்த வேல்ஸ் வீரர் ஜிம்மி வைல்டை ஏழாவது சுற்றில் வீழ்த்தி உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். நூற்றுக்கும் மேற்பட்ட சண்டைகளில் ஒருவராலும் அவரை 'நாக்-அவுட்' செய்ய முடியவில்லை.

அத்தகைய வீரரைச் சாய்த்தது ஒரு சொத்தைப் பல்! 1925 ஜூலை 4-ஆம் தேதி கலிபோர்னியாவில் ஜிம்மி மெக்லார்னினுடன் ஒரு சண்டைக்கு ஏற்பாடாகியிருந்தது. அப்போது பல் பிடுங்கப்பட்டு அவர் முகம் வீங்கியிருந்தது. பட்டத்துக்குரிய போட்டியன்று, ஆயினும் பின்வாங்காமல் மேடையேறித் தோற்றார். பிறகும் ஓய்வெடுக்கவில்லை. விஷம் தொண்டைக்குப் பரவி, ஜூலை 14-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் காலமானார். இருபத்து நான்கு வயது நிறைய மூன்று வாரங்கள்கூட இல்லை. அவர் உடல் மணிலாவில் அடக்கம் செய்யப்பட்டது.

அன்று பெனிசிலின் இல்லை; அது 1928-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று மருந்துக்குக் குறைவில்லை. ஆனால் நம் பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில், ஒருநாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலையும் புண்ணையும் மறைத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனவர்கள் நம் பெரியவர்கள். தோட்டங்கள் பல மறைந்தன. பிள்ளைகள் ஈப்போவிலும் பிற நகரங்களிலும் குடியேறினர். வலியை மறைக்கும் அந்தப் பழக்கமோ இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது.

வாலிபர்களே! வில்லாவின் அஞ்சாமையைக் கற்றுக்கொள்ளுங்கள். அதோடு, உடம்பு ஓய்வு கேட்கும்போது கொடுக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். வலியைச் சொல்வது கோழைத்தனமன்று.