மருந்து விலைக்கு ஆராய்ச்சிச் செலவுதான் காரணமா? சென்னையில் படித்த விஞ்ஞானி சுப்பாராவ் கதை

திருவள்ளூர் மாவட்டத்தில் யானைக்கால் நோயைத் தடுக்க சுகாதாரத் துறையினர் இலவசமாகக் கொடுத்த டி.இ.சி. மாத்திரை ஞாபகம் இருக்கா? அதைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

யார் இவர்?

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத்தான் பாஸ் ஆனார். மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி போட்டு வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

மாமனார் கொடுத்த பணத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறியவர், கடைசிவரை ஊர் திரும்பவே இல்லை. ஹார்வர்டில் பெரிய கண்டுபிடிப்புகள் செய்தும் நிரந்தரப் பேராசிரியர் பதவி தரவில்லை. 1940-ல் அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

எட்டே ஆண்டுகள்

அங்கே அவர் தலைமையில் வந்தவை: ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறை, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு அமினோப்டெரின், அதன் தொடர்ச்சியாக மெத்தோட்ரெக்சேட், யானைக்காலுக்கு டி.இ.சி. 1948-ல் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக். அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் இறந்துபோனார்.

இதற்கெல்லாம் செலவு உண்டு. ஒரு மருந்து ஜெயிக்க, பல ரசாயனங்கள் தோற்க வேண்டும். அந்தச் செலவை விலையில் எடுக்கிறோம் என்பதுதான் மருந்து கம்பெனிகளின் வாதம். பொய்யான வாதம் இல்லை. ஆனால் கணக்கு இடிக்கிறது.

இந்தியாவில் என்ன விலை?

அமெரிக்க செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு 1961-ல் அறிக்கை வெளியிட்டது. ஆரியோமைசின் விலை உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்றது அந்த அறிக்கை. அதாவது, சென்னையில் படித்தவரின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து, அவர் நாட்டு ஏழைக்குத்தான் எட்டாத விலை!

மாத்திரை ஒன்றுதான், ஆராய்ச்சிச் செலவும் ஒன்றுதான். பிறகு எப்படி நாட்டுக்கு நாடு விலை மாறுது? காப்புரிமையும் போட்டியும்தான் வித்தியாசம். அன்றைய 1911-ம் ஆண்டு சட்டப்படி, காப்புரிமை உள்ள மருந்தை இன்னொரு கம்பெனி இங்கே தயாரிக்க முடியாது. போட்டி இல்லாத இடத்தில், வாங்குபவரால் எவ்வளவு தாங்க முடியும் என்பதைப் பார்த்துத்தான் விலை வைப்பார்கள்.

இதை மாற்ற வழி சொன்னவரும் சென்னைக்காரர்தான். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார் 1959-ல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் 1970-ல் புதிய சட்டம் வந்தது. இனி மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டு. வேறு முறையில் அதே மருந்தை யார் வேண்டுமானாலும் செய்யலாம். இந்திய மருந்து கம்பெனிகள் வளர்ந்தது இப்படித்தான்.

இப்போது?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, 2005-ல் மருந்துக்கே 20 ஆண்டு காப்புரிமை திரும்ப வந்துவிட்டது. ஒரு புது மருந்துக்கு 260 கோடி டாலர் ஆகிறது என்றது அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மையத்தின் 2014 மதிப்பீடு. 2020-ல் ஜாமா இதழில் வந்த ஆய்வோ, சராசரி 130 கோடி டாலர்தான் என்றது. பாதிதான்!

சுப்பாராவ் காலத்து மெத்தோட்ரெக்சேட்டுக்குக் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் இன்னமும் டாக்டர்கள் எழுதித் தரும் அந்த மாத்திரை, இன்று மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்தான்.