வெள்ளை மாளிகைக்குப் போன பேங்க் கிளார்க்



அமெரிக்க அதிபர் என்றதும் உங்களுக்கு லிங்கன், கென்னடி, ஒபாமா என்று சில பெயர்கள்தான் நினைவுக்கு வரும். இந்த இதழுக்கு நான் எடுத்துக்கொண்டவர் 33-வது அதிபர் ஹாரி எஸ். ட்ரூமன். ஜப்பான் மீது அணுகுண்டு போட உத்தரவிட்டவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நாற்காலியில் உட்காரும் முன் அவர் அறுபது வருடம் வாழ்ந்திருக்கிறார். அந்த வாழ்க்கையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தியோடர் ரூஸ்வெல்ட் காலத்திலிருந்து இன்றுவரை வந்த அதிபர்களில் கல்லூரிப் பட்டம் இல்லாதவர் இவர் ஒருவர்தான். அதோடு சில வருடங்கள் பேங்கில் கிளார்க்காக இருந்தவர். நானும் அந்த இனம் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெயருக்குள் ஒரு சமாதானம்

1884 மே 8-ம் தேதி மிசௌரி மாநிலத்தில் லாமர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா ஜான், கோவேறு கழுதை வியாபாரி, விவசாயமும் உண்டு. அம்மா மார்த்தா எலன், அந்தக் காலத்திலேயே பெண்கள் கல்லூரியில் படித்தவர், பியானோ வாசிப்பார். ஒரு தம்பி விவியன், ஒரு தங்கை மேரி ஜேன்.

பெயரில் உள்ள 'எஸ்' எதற்கு என்று கேட்பீர்கள். எதற்கும் இல்லை! அப்பா வழித் தாத்தா பெயர் ஆண்டர்சன் ஷிப் ட்ரூமன், அம்மா வழித் தாத்தா பெயர் சாலமன் யங். இரண்டிலும் 'எஸ்' இருக்கிறது. யார் பெயரை வைத்தாலும் மற்றவர் வருத்தப்படுவாரே என்று வெறும் எழுத்தை மட்டும் வைத்து இரண்டு சம்பந்திகளையும் திருப்திப்படுத்திவிட்டார்கள். பேரப்பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நம் வீடுகளில் நடக்கும் பஞ்சாயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

தடிமனான கண்ணாடி

ஐந்து வயதுக்குள் அம்மா அவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஆனால் பெரிய எழுத்துகளைத்தான் பையன் சரியாகப் படித்தான். ஒரு ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கையில், வானத்தில் பூப்பூவாக விரிந்ததை அவன் கவனிக்கவே இல்லை. சத்தத்துக்கு மட்டும் திரும்பினான். அம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கான்சாஸ் நகரத்து டாக்டரிடம் கூட்டிப்போய்த் தடிமனான கண்ணாடி வாங்கிக்கொடுத்தார். அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கண்ணாடி போடுவது அபூர்வம். கண்ணாடி உடைந்துவிடும் என்று பந்து விளையாட்டும் கிடையாது. அதனால் அவனுக்கு இரண்டே பொழுதுபோக்கு: புத்தகம், பியானோ. விடிவதற்கு முன்பே எழுந்து இரண்டு மணி நேரம் பியானோ பயிற்சி செய்வானாம்.

1890-ல் பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் இண்டிபெண்டன்ஸ் என்ற ஊருக்கு வந்தது. அங்கே சர்ச்சின் ஞாயிறு வகுப்பில் ஆறு வயது ஹாரி, ஐந்து வயது பெஸ் வாலஸைப் பார்த்தான். நீலக் கண், பொன்னிறச் சுருட்டை முடி. அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு 29 வருடம் ஆனது. அது பின்னால் வருகிறது.

பத்து வயது வாக்கில் டிப்தீரியா வந்தது. கை கால் விழுந்து, மாதக்கணக்கில் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் நிலை. அதிலிருந்தும் எழுந்தான். பதினான்கு வயதில் ஒரு மருந்துக் கடையில் வாரம் மூன்று டாலருக்கு வேலை. மதுவை எதிர்த்து ஊருக்கு உபதேசம் செய்யும் பெரிய மனிதர்கள் சிலர் அதிகாலையில் அந்தக் கடையின் மறைவில் வந்து விஸ்கி குடித்துவிட்டுப் போவதை அங்கேதான் பார்த்தார். வெளிப்படையாகக் குடிக்கப் போகிறவன் இவர்களை விட மேல் என்று அவருக்குத் தோன்றியதாம்.

படிப்பு நின்றது

1901-ல் உயர்நிலைப் பள்ளி முடித்தார். முதல் மாணவன் சார்லி ராஸ், இவருடைய சிநேகிதன். ஆங்கில ஆசிரியை மிஸ் பிரவுன் மேடையில் சார்லியை முத்தமிட்டு வாழ்த்தினார். எனக்கு இல்லையா என்று ஹாரி கேட்க, நீ உருப்படியாக ஏதாவது சாதித்த பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். 1945-ல் ட்ரூமன் அதிபராகி, அதே சார்லியைத் தன் பத்திரிகைச் செயலாளராக நியமித்த அன்று, இருவரும் அந்த ஆசிரியைக்குத்தான் போன் போட்டார்கள்.

சார்லி கல்லூரிக்குப் போனார். ஹாரி போகவில்லை. அப்பா தானிய முன்பேர வர்த்தகத்தில் இறங்கியிருந்தார். நாம் இன்று எஃப் அண்ட் ஓ என்று சொல்லும் சமாசாரம்தான். முதலில் லாபம் வந்தது. அப்புறம் சேமிப்பு, மனைவி வழியில் வந்த நிலம், குடியிருந்த வீடு என்று ஒன்றொன்றாகப் போயிற்று. நேற்றுவரை முதலாளியாக இருந்தவர், கான்சாஸ் நகரத்தில் தானியக் கிடங்கின் இரவுக் காவல்காரர் ஆனார். நாற்பது வருடம் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இப்படிப்பட்ட குடும்பங்களைப் பார்த்தவன் நான். பணம் போவது ஒரு நாளில் நடக்கும். பிள்ளையின் படிப்பு நிற்பது அடுத்த ஜூன் மாதம்தான் தெரியும்.

செலவில்லாமல் படிக்கலாமே என்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியை நினைத்தார். கண் பார்வை இடம் தரவில்லை. ஒரு தனியார் வணிகப் பள்ளியில் கொஞ்ச காலம் புக்-கீப்பிங், டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் படித்தார். அதையும் தொடரப் பணமில்லை.

கிளியரிங் செக்ஷன்

ரயில் பாதை போடும் கான்ட்ராக்டரிடம் டைம்கீப்பராக வேலை. மாதம் 35 டாலர், சாப்பாடு. நாடோடிக் கூலிகளோடு கூடாரத்தில் தங்கல். 1903-ல் கான்சாஸ் நகரத்து நேஷனல் பேங்க் ஆஃப் காமர்ஸில் கிளார்க்காகச் சேர்ந்தார். நிலவறையில் உட்கார்ந்து வெளியூர்ச் செக்குகளைப் பதிவு செய்து அனுப்பும் வேலை. இவரைப் பற்றி மேலதிகாரி எழுதிய குறிப்பில் சுறுசுறுப்பு, தவறில்லாத வேலை, நேரம் தவறாமை என்று புகழ்ச்சிதான். அவர் தங்கியிருந்த விடுதியில் கூட இருந்த இன்னொரு பேங்க் ஊழியர் பெயர் ஆர்தர் ஐசன்ஹோவர். ட்ரூமனுக்கு அடுத்து அதிபரானாரே, அந்த ஐசன்ஹோவரின் அண்ணன்! 1905-ல் கூடுதல் சம்பளத்துக்கு யூனியன் நேஷனல் பேங்குக்கு மாறினார்.

அதே வருடம் தேசியக் காவல் படையில் சேர்ந்து, புது நீலச் சீருடையைப் பாட்டியிடம் காட்டப் பெருமையோடு போனார். பாட்டி முகம் மாறியது. உள்நாட்டுப் போரில் நீலச் சட்டைக்காரர்கள் அவர் பண்ணைக்குள் புகுந்து, பன்றிகளை வெட்டி, களஞ்சியத்தைக் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். இந்த உடையில் இனி இந்த வீட்டுக்கு வராதே என்று சொல்லிவிட்டார். நாற்பது வருடமாகியும் ஆறாத கோபம்.

1906-ல் அப்பா கூப்பிட்டார். கிராண்ட்வியூவில் பாட்டியின் 600 ஏக்கர் பண்ணைக்கு ஆள் வேண்டும். நல்ல பேங்க் வேலையை விட்டுவிட்டு ஹாரி கலப்பை பிடிக்கப் போனார். அங்கே பதினோரு வருடம். பாட்டி காலமானதும் சொத்துக்காக அம்மாவின் உடன்பிறந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். பண்ணை மிஞ்சியது, அதன் மேல் கடனும் மிஞ்சியது. 1914-ல் அப்பா இறந்தார். அந்தக் கடன் மகன் தோளில் ஏறியது.

கல்யாணமும் கடையும்

இந்தப் பதினோரு வருடத்தில்தான் பெஸ்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1911-ல் கடிதத்திலேயே சம்மதம் கேட்டார், அவர் மறுத்தார். இவர் கோபித்துக்கொள்ளாமல் சிநேகிதத்தைத் தொடர்ந்தார். 1913-ல் பெஸ் மனம் மாறினார். ஆனால் பெஸ்ஸின் தாயார் மாட்ஜ் வாலஸுக்குக் கடன்கார விவசாயி மாப்பிள்ளையாக வருவதில் இஷ்டமில்லை. ஈயச் சுரங்கம், எண்ணெய்க் கிணறு என்று ட்ரூமன் முதலீடு செய்து பார்த்தார், இரண்டிலும் நஷ்டம். பிறகு முதல் உலகப் போர். பிரான்ஸில் பீரங்கிப் படை கேப்டனாக இருந்து திரும்பி, 1919 ஜூன் 28-ல் பெஸ்ஸைக் கைப்பிடித்தார். அப்போது அவருக்கு வயது 35. குடியேறியது மாமியார் வீட்டில்!

அந்த நவம்பரில், ராணுவ கேன்டீனைச் சேர்ந்து நடத்திய நண்பர் எடி ஜேக்கப்சனுடன் ஆண்கள் துணிக்கடை திறந்தார். முதல் வருடம் வியாபாரம் கொழித்தது. அடுத்து விளைபொருள் விலை சரிந்து, விவசாயிகள் கையில் காசில்லாமல் போனது. பட்டுச் சட்டை யார் வாங்குவார்கள்? 1922-ல் கடை மூடப்பட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். திவால் மனு கொடுத்தால் சட்டப்படி தப்பிக்கலாம். ஜேக்கப்சன் சமாளித்துப் பார்த்து, 1925-ல் மனு கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அது சட்டம் தந்த வழி. ட்ரூமன் கொடுக்கவில்லை. கடன்காரர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டே வந்தார். பதினைந்து வருடம் ஆனது. கடைசிப் பெரிய கடன் தீர்ந்த விதத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடன் கொடுத்த பேங்கே மூழ்கி, அதன் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தபோது, தம்பி விவியன் அந்த நோட்டை 1,000 டாலருக்கு வாங்கி முடித்தார். நம் பாஷையில் ஓ.டி.எஸ். முழு அசலும் கட்டவில்லை என்று நீங்கள் சொல்லலாம். கணக்குப்படி சரிதான்.

தாயின் நிலம்

கடை மூடிய வருடமே அரசியல் வந்தது. ராணுவ நண்பர் ஒருவரின் குடும்பம், கான்சாஸ் நகர அரசியலை ஆட்டிவைத்த பெண்டர்காஸ்ட் குடும்பம். அவர்கள் ஆதரவில் ஜாக்சன் கவுண்டியின் 'ஜட்ஜ்' ஆனார். பெயர்தான் ஜட்ஜ்; வேலை சாலை, கட்டடம், வரவு செலவு. 1924-ல் ஒரே மகள் மார்கரெட் பிறந்தாள். அதே வருடம் தேர்தலில் தோல்வி. இரவு நேரச் சட்டக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தார். அதுவும் பாதியில் நின்றது.

1926-ல் தலைமை ஜட்ஜாக ஜெயித்தார். கோடிக்கணக்கில் சாலைப் பணம் கையில் புரண்டது. பெண்டர்காஸ்ட் கூட்டம் ஊழலுக்குப் பேர்போனது. அதன் தலைவர் டாம் 1939-ல் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்கே போனார். அந்தக் கூட்டத்தில் இருந்தும் ட்ரூமன் பணத்தைத் தொடவில்லை என்பதைத்தான் இன்றும் ஆச்சரியமாகப் பேசுகிறார்கள். புதுச் சாலை அம்மாவின் பண்ணையில் கொஞ்சம் நிலத்தைத் தின்றது. மற்றவர்களுக்கு நஷ்டஈடு கிடைத்தது. மகன் ஜட்ஜாக இருப்பதால் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

1934-ல் செனட்டர் ஆனார். 1940-ல், அவர் செனட்டராக இருக்கும்போதே, அம்மாவின் பண்ணை கடனுக்காக ஏலத்தில் போனது. எண்பத்தேழு வயது அம்மா ஊருக்குள் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிபோனார். பழகாத படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. நேர்மைக்கு விலை உண்டு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். பல வீடுகளில் அந்த விலையைக் கட்டுகிறவர் வேறு ஒருவராக இருக்கிறார். ட்ரூமன் கதையில் எனக்கு நெருடும் இடம் இதுதான்.

பிறகு

1945 ஏப்ரல் 12-ல் ரூஸ்வெல்ட் இறந்தார். துணை அதிபராகி மூன்று மாதம்கூட ஆகாத ட்ரூமன் அதிபரானார். அணுகுண்டு தயாராகும் முழு விவரமே அதன் பிறகுதான் அவருக்குச் சொல்லப்பட்டது. ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி. லட்சக்கணக்கில் உயிர் போன அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டிலும் நேர் செய்ய முடியாது. சரியா தவறா என்ற வாதம் இன்னும் முடியவில்லை. இன்னொரு பக்கத்தில், 1951-ல் நம் நாட்டில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் தரும் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் இவரே.

1953-ல் பதவி முடிந்ததும் தம்பதி திரும்பிய இடம் அதே மாமியார் வீடு, இண்டிபெண்டன்ஸ், டெலவேர் தெரு. முன்னாள் அதிபர்களுக்கு அப்போது ஓய்வூதியம் கிடையாது; 1958-ல்தான் சட்டம் வந்தது. 1972 டிசம்பர் 26-ல், 88 வயதில் காலமானார். பெஸ் 97 வயதுவரை அந்த வீட்டிலேயே இருந்தார்.

பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும் நம் குடியிருப்புவாசிகள், மிசௌரிப் பக்கம் போக நேர்ந்தால் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். இப்போது தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில் இருக்கிறது. உள்ளே அவர் தொப்பியும் கோட்டும் மாட்டிய இடத்திலேயே தொங்குகின்றன. கிராண்ட்வியூ பண்ணை வீடும் அதிக தூரமில்லை.