எவரிஸ்ட் கால்வா (1811 – 1832)

மன்னார்த் தீவின் தென் கரையோரத்தில் 2020ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் மூன்று இறக்கைகள். இறக்கைத் தொகுதியை 120° சுழற்றினால் அது முன்பிருந்தது போலவே தோன்றும். 240° சுழற்றினாலும் அவ்வாறே. 360° சுழற்றினால் தொடங்கிய நிலைக்கே வந்துவிடும். இது சுழற்சிச் சமச்சீர் எனவும், இதன் வரிசை 3 எனவும் கீழ் வகுப்புகளில் கற்றுள்ளீர்கள். சமச்சீரைப் பற்றிய இந்த எளிய எண்ணத்திற்கும் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அத்தொடர்பைக் கண்டறிந்தவர் இருபது வயதில் மறைந்த எவரிஸ்ட் கால்வா ஆவார்.

இளமையும் கல்வியும்

கால்வா 1811 ஒக்டோபர் 25ஆம் திகதி பாரிஸ் நகருக்கு அண்மையில் உள்ள பூர்-லா-ரென் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் நகரபிதாவாக இருந்தவர். பன்னிரண்டு வயதுவரை தாயாரே வீட்டிற் கல்வி கற்பித்தார். 1823இல் பாரிஸில் உள்ள லூயி-லெ-கிராண்ட் பாடசாலையிற் சேர்ந்தார். அங்கு லெஜாண்டரின் கேத்திரகணித நூலைக் கற்றதிலிருந்து கணிதமே அவரது உலகமாயிற்று.

புகழ்பெற்ற எக்கோல் பொலிதெக்னிக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் 1828இலும் 1829இலும் அவர் சித்தியடையவில்லை. 1829 யூலையில் தந்தையையும் இழந்தார். பின்னர் ஆசிரியர்களை உருவாக்கும் வேறொரு கல்லூரியிற் சேர்ந்தார். அதன் பணிப்பாளரைக் கண்டித்துப் பத்திரிகைக்கு எழுதிய காரணத்தால் அங்கிருந்தும் நீக்கப்பட்டார்.

குலம் என்றால் என்ன?

காற்றாலையின் 120°, 240°, 360° ஆகிய மூன்று சுழற்சிகளையும் எடுத்துக்கொள்வோம்.

1. எந்த இரண்டை அடுத்தடுத்துச் செய்தாலும் விடை இம்மூன்றினுள் ஒன்றாகவே அமையும். (120° + 240° = 360°; 240° + 240° = 480°, அதாவது 120°)
2. 360° சுழற்சி எதனையும் மாற்றாது.
3. ஒவ்வொரு சுழற்சியையும் இல்லாமற் செய்ய இன்னொரு சுழற்சி உண்டு. 120°இற்கு அது 240° ஆகும்.
4. மூன்று சுழற்சிகளை வரிசையாகச் சேர்க்கும்போது எந்த அடுத்த இரண்டை முதலிற் சேர்த்தாலும் விடை ஒன்றே.

இந்நான்கு பண்புகளும் உடைய தொடை 'குலம்' எனப்படும். இங்கு 120° என்ற ஒரே சுழற்சியைத் திரும்பத் திரும்பச் செய்து மற்ற எல்லாவற்றையும் பெறலாம். ஆகவே இது 'சக்கரக் குலம்' ஆகும்.

தீர்வு கண்ட வினா

இருபடிச் சமன்பாட்டிற்குச் சூத்திரம் உண்டு என்பதை அறிவீர்கள். முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்கும் 16ஆம் நூற்றாண்டிலேயே சூத்திரம் கண்டனர். ஐம்படிச் சமன்பாடுகள் அனைத்திற்கும் பொதுவான, வர்க்கமூலம் போன்ற மூலக்குறிகளால் அமைந்த சூத்திரம் இல்லை என நோர்வே நாட்டு ஏபெல் 1824இல் நிறுவினார். அவ்வாறாயின் எந்தச் சமன்பாடுகளைத் தீர்க்க முடியும், எவற்றை முடியாது? இதற்கு விடை தந்தவர் கால்வா.

ஒரு சமன்பாட்டின் மூலங்களைத் தமக்குள் இடம் மாற்றும் முறைகள் ஒரு குலமாக அமைவதை அவர் கண்டார். அக்குலத்தைப் படிப்படியாகச் சக்கரக் குலங்களாகப் பிரிக்க முடியுமாயின் சமன்பாட்டைத் தீர்க்கலாம். முடியாதாயின் தீர்க்க முடியாது. பொதுவான முப்படிச் சமன்பாட்டிற்கு 6 இடமாற்றங்கள் உண்டு. அவை 3, 2 என்னும் வரிசைகளையுடைய சக்கரக் குலங்களாகப் பிரியும். நாற்படியின் 24 இடமாற்றங்களும் அவ்வாறே பிரியும். ஐம்படியின் 120 இடமாற்றங்களினுள்ளோ, மேலும் பிரிக்க இயலாத 60 உறுப்புகள் கொண்ட குலம் ஒன்று உள்ளது.

அந்த 60ஐ விளையாட்டு மைதானத்திலேயே காணலாம். கறுப்பு வெள்ளை உதைபந்தில் 12 கறுப்பு ஐங்கோணிகள் உண்டு. ஓர் ஐங்கோணியை 12 இடங்களில் எதற்கும், ஒவ்வொன்றிலும் 5 விதமாகக் கொண்டுவரலாம். எனவே பந்தின் சுழற்சிகள் 12 × 5 = 60. இவை ஆக்கும் குலமும் மேற்கூறிய குலமும் அமைப்பில் ஒன்றே.

இறுதி நாட்கள்

1830இல் கால்வா விஞ்ஞானக் கழகத்திற்கு அனுப்பிய கட்டுரை ஃபூரியேயிடம் சென்றது. அவ்வாண்டு மே மாதம் ஃபூரியே இறந்தார். கட்டுரையும் காணாமற் போயிற்று. 1831 ஜனவரியில் மீண்டும் எழுதி அனுப்பினார். நிறுவல்கள் தெளிவாகவும் விரிவாகவும் இல்லை எனக் கூறிப் புவாசோன் அதனை ஏற்க மறுத்தார். குடியரசு ஆதரவாளரான கால்வா சிறைவாசமும் அனுபவித்தார்.

1832 மே 29 இரவு, மறுநாள் நடைபெறவிருந்த துப்பாக்கிச் சண்டையில் உயிர் போகலாம் என்று எண்ணி, தம் கண்டுபிடிப்புகளைத் தொகுத்து நண்பர் செவாலியேக்குக் கடிதம் எழுதினார். சண்டையிற் சுடப்பட்டு மே 31இல் உயிர் நீத்தார். அவரது கட்டுரைகளை லியூவில் 1846இல் வெளியிட்டார். அதன் பின்னரே உலகம் அவரை அறிந்தது.

கால்வாவின் முடிவு சரியானதே. எனினும் இடைப்படிகள் சுருக்கமாக இருந்தமையால் மற்றவர்கள் அதனை விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. சரியான விடை தெரிந்திருந்தாலும் படிமுறைகளை முழுமையாக எழுதுவது அவசியம் என்பதை மாணவர்கள் இதனால் உணரலாம்.

பயிற்சி

1. ஐந்து சம கைகள் கொண்ட நட்சத்திர மீனின் சுழற்சிக் குலத்தை ஆக்கும் மிகச் சிறிய கோணம் யாது?
2. அக்கோணத்தால் மூன்று முறை சுழற்றிய பின், அதே திசையில் மேலும் எவ்வளவு சுழற்றினால் தொடக்க நிலை கிடைக்கும்?

விடைகள்: (1) 72° (2) 144°