சேரன்மகாதேவி குருகுலம்: வ.வே.சு. ஐயர் பெயர் 100 வருஷமா சர்ச்சையில் இருப்பது ஏன்?

நாங்குநேரியில் 2023-ல் பட்டியலின மாணவர் ஒருவரை சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, அரசுப் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என 2024-ல் பரிந்துரைத்தது. நெல்லையில் பள்ளியும் சாதியும் மோதுவது இது முதல் தடவை இல்ல.

யார் இந்த ஐயர்?

1881-ல் திருச்சி வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிக்க லண்டன் போய், புரட்சியாளர்களோடு சேர்ந்தார். 1910-ல் போலீஸுக்குத் தப்பி, மாறுவேடத்தில் புதுச்சேரி வந்தார். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தவர், தமிழ்ச் சிறுகதை முன்னோடி.

குருகுலத்தில் என்ன நடந்துச்சு?

1920-களின் தொடக்கத்தில் ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்துக்கு தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் ஒதுக்கி, 5,000 ரூபாய் கொடுத்தது. ஆனா, பிராமண மாணவர்கள் இருவருக்கு மட்டும் தனிச் சாப்பாடு. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது என்றார் ஐயர். பொதுப்பணத்தில் தனிப்பந்தியா என்று பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் கொதித்தார்கள்.

1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். ஜூனில் பாபநாசம் அருவியில் தவறி விழுந்த மகள் சுபத்ராவைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார். வயது 44. நவம்பரில் பெரியார் காங்கிரஸை விட்டே வெளியேறினார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

அந்தப் பள்ளியின் பெயரில் சாதி இல்ல, பந்தியில் இருந்தது. பலகையை மாத்துறது முதல் படி. சாப்பாட்டு வரிசையும் வகுப்பறை பெஞ்சும் மாறினால்தான் வேலை முடியும்.