வீடு வீடாகப் போய் உண்மையைக் கண்டுபிடித்த டாக்டரம்மா

அமெரிக்காவில் வாழ்ந்த டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மாவைப் பற்றி இந்த மலரில் எழுதுகிறேன். வேலையால் வரும் நோய்க்காகவே பாடுபட்டவங்க அவங்க.

1869-ல் பிறந்தார். அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனதால், சொந்தக்காலில் நிற்கணும்னு முடிவு செய்து டாக்டருக்குப் படித்தார். 1893-ல் பட்டம் வாங்கினார். 1897-ல் சிகாகோ நகரத்தில், ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதியில் ஜேன் ஆடம்ஸ் அம்மா நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் போய்த் தங்கினார். அங்கே கைக்குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார், குளிப்பாட்டியும் விட்டார்.

அந்தத் தெருக்களில் பல ஆம்பளைங்க வயிற்றுவலியில் துடிச்சாங்க. சிலருக்கு மணிக்கட்டு விழுந்து கையைத் தூக்கவே முடியலை. பெயிண்ட் செய்யுமிடம், குளியல்தொட்டிக்கு எனாமல் பூசுமிடம், இங்கெல்லாம் காரீயத் தூசி உடம்பில் ஏறியதுதான் காரணம். முதலாளிமாரோ, தொழிலாளிங்க கை கழுவாமல் சாப்பிடுறாங்க, அதான் நோய் வருதுன்னு பழியை அவங்க மேலேயே போட்டாங்க.

1910-ல் இல்லினாய் மாநில அரசு இதை விசாரிக்கும் பொறுப்பை ஆலிஸ் அம்மாவிடம் கொடுத்தது. அவங்க தொழிற்சாலைக்குள்ளே போய், தூசி காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போவதைப் பார்த்தார். ஆனால் வேலை போயிடும்னு பயந்து தொழிலாளிங்க அங்கே வாய் திறக்கலை. அதனால் வீடு வீடாகப் போய் மனைவிமாரிடம் கேட்டார். ஆஸ்பத்திரி நோட்டுகளையும் புரட்டினார்.

வெள்ளை ஈயக் கம்பெனி அதிகாரி ஒருவர், தன் ஆட்களுக்கு நோய் இருப்பதை நிரூபித்தால் சரிசெய்வதாகச் சொன்னார். அம்மா ஆஸ்பத்திரிக் கணக்கோடு 22 பேர் விவரத்தைக் கொண்டுபோய் வைத்தார். அவரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

1911-ல் இல்லினாயில் சட்டம் வந்தது. ஆபத்தான வேலையில் பாதுகாப்பு வசதி செய்யணும், மாதாமாதம் டாக்டர் பரிசோதனை நடத்தணும், நோய் கண்டால் அரசுக்குத் தெரிவிக்கணும். விபத்தில் கை போனால் நஷ்டஈடு கொடுப்பதுபோல, வேலையால் வந்த நோய்க்கும் கொடுக்கணும்னு ஆலிஸ் அம்மா வாதாடினார்.

1919-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் ஆனார். ஆனாலும் ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாதுன்னு நிபந்தனை போட்டாங்க. 1935-ல் ஓய்வு பெறும்வரை பதவி உயர்வும் தரலை. அதுக்காக வேலையை விடலை அவங்க.

1970 செப்டம்பரில், 101 வயதில் காலமானார். அதே வருஷம் டிசம்பரில், அமெரிக்கா முழுவதற்குமான தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

சகோதரிகளே, அன்றைக்கு வீட்டுப் பெண்கள் சொன்ன விவரம்தான் சட்டம் வர உதவியது. இருமலோ கைவலியோ வந்தால் விதின்னு விட்டுடாதீங்க. டாக்டரிடம் போகும்போது என்ன வேலை செய்றோம், எத்தனை வருஷமா செய்றோம்னு சேர்த்துச் சொல்லுங்க. சீட்டுகளைப் பத்திரமா வையுங்க. ஒரே வேலை செய்ற நாலு பேருக்கு ஒரே நோய் வந்தா, குழுக் கூட்டத்தில் பேசி எழுதி வைப்போம்.