அச்சேறிய தமிழும் அண்டிரிக் அடிகளாரும்

நுழையும்முன்

திற்பரப்பில் அருவியாய் விழும் கோதையாறு, பரளியாற்றோடு கூடிக் குழித்துறை வழியே சென்று, தேங்காய்ப்பட்டினத்தருகே அரபிக்கடலில் கலக்கிறது. அக்கடலின் வடபால் கொல்லம் இருக்கிறது. தென்பால் குமரிமுனையைச் சுற்றிச் சென்றால் தாமிரபரணி கடலோடு கூடும் புன்னைக்காயல் இருக்கிறது. தமிழ் எழுத்து முதன்முதலில் அச்சேறிய வரலாறு இவ்விரு ஊர்களுக்கும், தொலைவிலுள்ள லிஸ்பன் என்னும் துறைமுக நகருக்கும் இடையே நிகழ்ந்தது. அவ்வரலாற்றின் நடுவே நின்றவர் ஒரு துறவி.

கடலோடிகளின் நகரம்

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பன், டேகஸ் ஆறு அட்லாண்டிக் பெருங்கடலைச் சேருமிடத்தில் அமைந்த பழந்துறைமுகம். 1497ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா இந்தியாவுக்குக் கடல்வழி தேடிப் புறப்பட்டது இந்நகரின் பெலெம் துறையிலிருந்தே. அப்பயணத்தைப் பொருளாகக் கொண்டு கமோயன்ஸ் என்னும் கவிஞர் இயற்றிய காப்பியம் 1572இல் இந்நகரிலேயே அச்சாயிற்று. காவிரிப்பூம்பட்டினம் தமிழ்க் காப்பியத்தில் நிலைபெற்றது போல, லிஸ்பன் போர்ச்சுகீசியக் காப்பியத்தில் நிலைபெற்றது.

இந்நகரிலிருந்து கப்பலேறியோர் பலர். மிளகு நாடிச் சென்றோரும், போர்மேற் சென்றோரும், சமயம் பரப்பச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். 1546இல் அவ்வாறு புறப்பட்ட துறவியருள் ஒருவர் ஹென்றிக் ஹென்றிக்ஸ். தமிழ் மக்கள் அவரை அண்டிரிக் அடிகளார் என அழைத்தனர்.

இளமையும் துறவும்

அடிகளார் 1520ஆம் ஆண்டு போர்ச்சுகல் நாட்டின் விலா விசோசா என்னும் ஊரில் பிறந்தார். அவர்தம் முன்னோர் யூத மரபினர். அக்காலப் போர்ச்சுகலில் அம்மரபில் வந்தோர் ஐயக்கண்ணோடு நோக்கப்பட்டனர். முதலில் ஒரு துறவற சபையில் சேர்ந்த அடிகளார், பிறப்பின் காரணமாக அங்கிருந்து விலக நேர்ந்தது. பின்னர்க் கொயிம்பிரா நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். பிறந்த மண்ணில் பிறப்பால் ஒதுக்கப்பட்ட அவ்விளைஞர், அறியாத மண்ணில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழிக்கவிருந்தார்.

மொழியே முதற்பணி

கோவாவில் இறங்கிய அடிகளார், முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். முத்துக்குளிப்பதும் மீன்பிடிப்பதும் அங்குள்ள பரதவ மக்களின் தொழில். அங்குப் பணியாற்றிய ஐரோப்பியத் துறவியர் மொழிபெயர்ப்பாளரை நம்பியே பேசினர். தாம் சொல்லுவது ஒன்றாகவும் மக்கள் செவியில் விழுவது வேறாகவும் இருத்தலை அடிகளார் உணர்ந்தார். பிறர் நாவால் பேசுவோர் பிறர் நெஞ்சை அறிதல் அரிது. எனவே, தமிழ் கற்பதையே தம் முதற்பணியாகக் கொண்டார்.

தமிழின் ஒலிகளும் வினைத்திரிபுகளும் ஐரோப்பியர்க்கு எளியன அல்ல. தொடக்கத்தில் சோர்வுற்றுக் கற்பதைக் கைவிட்ட அடிகளார், மீண்டும் முயன்றார். வினைச்சொற்கள் காலத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப எவ்வாறு திரிகின்றன என்பதைத் தாம் முன்பே அறிந்த லத்தீன் இலக்கண முறையோடு ஒப்பிட்டு வகைப்படுத்திக் கற்றார். 1548ஆம் ஆண்டிலேயே மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் பேசும் ஆற்றலைப் பெற்றார்.

தூய சவேரியாரின் விருப்பத்திற்கிணங்கத் தாம் கற்றவற்றை அவர் ஓர் இலக்கண நூலாகத் தொகுத்தார். போர்ச்சுகீசிய மொழியில் எழுந்த அந்நூல், ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பட்ட முதல் தமிழ் இலக்கணம் எனப் போற்றப்படுகிறது. நன்னூல் போன்றவை செய்யுள் வழக்கிற்கு இலக்கணம் கூற, அடிகளாரின் நூல் கடற்கரை மக்கள் நாள்தோறும் பேசிய தமிழைப் பதிவு செய்தது. பதினாறாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழை அறிய விழைவோர்க்கு அது அரியதொரு சான்று.

1549இல் அக்கடற்கரையின் தலைமைப் பொறுப்பு அவரை வந்தடைந்தது. ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் அப்பொறுப்பை அவர் தாங்கினார். புன்னைக்காயலில் நோயுற்றோர்க்கு மருத்துவமனை கண்டார். தமிழ் கற்பிக்கவும் ஏற்பாடு செய்தார்.

ஓலையிலிருந்து தாளுக்கு

அக்காலத்தில் தமிழ் ஓலைச்சுவடிகளில் வாழ்ந்தது. ஒரு சுவடியைப் படியெடுக்கப் பல நாள் ஆகும்; கறையானும் ஈரமும் நெருப்பும் அதனை அழிக்கச் சில நாள் போதும். ஒரே உருவில் பல படிகளை ஆக்கும் அச்சுக்கலையின் பயனை அடிகளார் நன்கறிந்திருந்தார். தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்க்கும் முயற்சி 1577இல் கோவாவில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு கொல்லத்தில் மேலும் எழுத்துகள் வார்க்கப்பட்டன.

1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறு பக்கங்களே கொண்ட அச்சிறுநூல், இன்று கிடைப்பவற்றுள் இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சான முதல் நூல். ஓலை எழுத்துமுறையைத் தழுவியதால் அதன் மெய்யெழுத்துகள் புள்ளியின்றி நிற்கின்றன. தாளுக்கு மாறிய பின்னும் அத்தமிழ் ஓலையின் சாயலை விடவில்லை.

1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. 1586இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறு வெளிவந்தது. சமயப்பணியே இந்நூல்களின் நோக்கம். எனினும், தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கலைக்கும் அவை அடித்தளமாயின.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் மண்ணில் வாழ்ந்த அடிகளார், 1600ஆம் ஆண்டு புன்னைக்காயலில் இயற்கை எய்தினார். அவர்தம் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது.

தெரிந்து தெளிவோம்

தம்பிரான் வணக்கத்திற்கு 24 ஆண்டுகள் முன்பே, 1554இல் லிஸ்பன் நகரில் கார்த்தில்யா என்னும் தமிழ்–போர்ச்சுகீசிய நூல் அச்சாயிற்று. அதில் தமிழ்மொழி உரோமன் எழுத்துகளில் அமைந்துள்ளது. அந்நூலாக்கத்தில் தமிழர் மூவர் பங்கு கொண்டனர்.

நகரம் வீழ்ந்தது, நூல் வாழ்ந்தது

அடிகளார் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்தது. 1755ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காலை, மக்கள் திருநாள் வழிபாட்டில் இருந்தபோது லிஸ்பனில் நிலம் நடுங்கியது. இடிபாடுகளினின்று தப்பியோர் ஆற்றங்கரையை நாடினர். கடல் பின்வாங்கிப் பேரலையாய் எழுந்து அவர்களை வாரிக்கொண்டது. எஞ்சிய பகுதியைப் பல நாள் எரிந்த தீ உண்டது. பல்லாயிரவர் மாண்டனர். ஆற்றங்கரை அரண்மனையும், அதன் நூலகத்தில் இருந்த ஏறத்தாழ எழுபதாயிரம் நூல்களும் அழிந்தன. அப்பேரழிவு வால்டேர் போன்ற எழுத்தாளரின் படைப்புகளிலும் இடம்பெற்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் குளச்சலிலும் மணக்குடியிலும் ஆழிப்பேரலை விளைத்த துயரை அறிந்த நமக்கு, லிஸ்பன் மக்களின் துயரும் அயலதன்று.

அத்தகைய அழிவுக்குப் பின்னும் அடிகளாரின் தமிழ் எஞ்சியது. அவர்தம் இலக்கணக் கையெழுத்துப்படி இன்று லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. கார்த்தில்யாவின் படியொன்றை, காமா புறப்பட்ட அதே பெலெம் பகுதியிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகம் பேணுகிறது. தம்பிரான் வணக்கத்தை அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகமும், அடியார் வரலாற்றை வத்திக்கான் நூலகமும் காத்துவருகின்றன. இருபதாம் நூற்றாண்டில் தனிநாயகம் அடிகள் இவ்வரிய நூல்களின் சிறப்பைத் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார்.

ஓரிடத்தில் குவித்து வைத்தவை ஒரு நாளில் அழியலாம். பலவிடத்தும் பரவியவற்றை ஒரு பேரிடர் முற்றும் அழிக்க இயலாது. அச்சுக்கலை தமிழுக்கு அளித்த காப்பு இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரனாரும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை அழிவினின்று மீட்க அக்கலையே துணையாயிற்று. கற்பிக்க வந்து, முதலில் கற்றுக்கொண்ட ஒருவர் அதற்கு வழிகோலினார் என்பதை நாம் நன்றியுடன் நினைத்தல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஓலைச்சுவடியோ பழைய அச்சுநூலோ பாதுகாக்கப்படும் இடமொன்றைக் கண்டு, அதனைப் பேணும் முறையை எழுதுக.

2. அண்டிரிக் அடிகளார் பேச்சுத்தமிழைப் பதிவு செய்ததன் பயனை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் வட்டாரக் கடற்கரை மக்கள் வழங்கும் தொழிற்சொற்கள் இருபதைத் தொகுத்துப் பொருள் எழுதுக.